மூவரசர் ரொட்டிக்குள் ஒரு பொம்மை

ரொட்டி கிழிந்துவிட்டது.

ஃபிதென்சியோ பதறினார். மூவரசர் திருநாளுக்கென்று பெர்நாபேயின் கடையிலிருந்து வாங்கிவந்த வளைய ரொட்டி அது. அதன் அடிப்புறத்தில் கட்டைவிரலால் துளையிட்டு, சுண்டுவிரல் நுனியளவே இருந்த வெள்ளைப் பீங்கான் குழந்தை ஏசுவை உள்ளே செலுத்த முயன்றார். துளை பிளவாயிற்று. பிளவைச் சர்க்கரைப் பாகால் ஒட்டினார். பாகு தட்டெங்கும் ஒழுகிற்று.

"அடுப்படியில என்னப்பா பண்றீங்க?" மகள் ரெபெக்கா எட்டிப் பார்த்தாள்.

"எறும்பைத் தட்டி விடுறேன்."

"ஜனவரிக் குளிர்லயா?"

"நம்ம புவெப்லா ஊர் எறும்புக்குக் குளிராது. நீ போய்ச் சாக்லெட்டைக் கலக்கு, போ."

ரொட்டியில் பொம்மை அகப்பட்டவர், பிப்ரவரி இரண்டாம் நாள் மெழுகுதிரித் திருநாளன்று, உடன் உண்ட அனைவரையும் தம் வீட்டுக்கு அழைத்துத் தமால் என்னும் சோளமாவுக் கொழுக்கட்டை அவித்துப் போட வேண்டும். இக்கடமைக்கு அஞ்சிப் பொம்மையைக் கன்னத்தில் அடக்கிக்கொள்ளும் கனவான்கள் உண்டு. விழுங்கித் தொலைக்கும் மகாபாவிகளும் உண்டு. ரெபெக்காவின் கணவன் எலாடியோ இரண்டாம் வகை என்பது குடும்பத்தின் நெடுநாளைய ஐயம். விருந்தளிக்க அஞ்சுவோர், விருந்துண்ண மட்டும் முதல் ஆளாக அமர்வது எந்த ஊர் நியாயம்?

ஃபிதென்சியோவோ அந்தப் பொம்மைக்காக ஏங்கினார். மனைவி ஒர்தென்சியா உயிரோடிருந்தவரை, பொம்மை ஆண்டுதோறும் அவள் துண்டிலேயே வந்தது; பிள்ளைகளும் பிப்ரவரியில் மறுபடி வந்தார்கள். அவள் போனபின் அது எவருக்கும் அகப்படுவதில்லை. நாளை ரெபெக்கா மான்ட்டெரேக்கும், மகன் நிக்கானோர் திஹுவானாவுக்கும் புறப்பட்டால், அடுத்த கிறிஸ்துமஸ் வரை இந்த மேசையில் ஒற்றைத் தட்டுதான்.

ஒர்தென்சியாவின் தையல்பெட்டியில் பழைய பொம்மைகள் ஒரு கைப்பிடி கிடந்ததாக அவருக்கு நினைவு. காலையில் தேடியபோது ஒன்றே ஒன்றுதான் இருந்தது.

பொம்மை இருக்குமிடம் ரொட்டிமேல் பதித்திருந்த பச்சைநிறப் பழத்துண்டுக்கு நேர்கீழே என்று மனத்தில் குறித்துக்கொண்டு, ரொட்டியை மேசையில் வைத்தார். கத்தியை எடுத்துவரத் திரும்பிய நேரத்தில் எலாடியோ பழத்துண்டுகள் அத்தனையையும் பிய்த்துத் தின்றுவிட்டான்.

"எனக்குப் பழம்னா உயிர் மாமா!" அவன் கன்னம் உப்பியிருந்தது.

அடையாளம் தொலைந்தது. ஃபிதென்சியோ ஒரு துண்டு தின்றார். இல்லை. இரண்டாம் துண்டும் வெறுந்துண்டு.

"அப்பா, உங்களுக்குச் சர்க்கரை இருக்கு!" நிக்கானோர் தட்டை இழுத்தான்.

"திருநாளன்னைக்கு அதுக்கும் லீவுடா."

மூன்றாம் துண்டில் பல் பொம்மையில் இடறியது.

"ஐயையோ, எனக்கு மாட்டிக்கிச்சே!" என்று வருந்த முயன்றார், முகம் ஒத்துழைக்கவில்லை. "என்ன பண்றது, என் தலையெழுத்து. பிப்ரவரியில எல்லாரும் இங்க வந்துடுங்க."

"கொஞ்சம் இருங்கப்பா." ரெபெக்காவின் விரலிடையே ஒரு வெள்ளைப் பொம்மை. "எனக்கும் வந்திருக்கு. விருந்து எங்க வீட்லதான்."

"அதெப்படி?" நிக்கானோரும் அதேபோல் ஒன்றைத் தட்டில் வைத்தான். "இது என்னவாம்?"

அனைவரும் எலாடியோவை நோக்கினர்.

"வாயத் திற!" என்றாள் ரெபெக்கா.

"ஆ... நல்லாப் பாரு, அத்திப்பழம்! இந்த வருஷம் சத்தியமா நான் முழுங்கல!"

"அப்ப போன வருஷம்?" என்றான் நிக்கானோர். எலாடியோ அவசரமாகச் சாக்லெட் குடித்தான்.

"எங்க வீட்டுக்கு வாங்கப்பா," என்றாள் ரெபெக்கா. "மாடியறை சும்மாதான் கெடக்கு. வந்தா ஒரு மாசம் இருக்கணும்."

"மான்ட்டெரேல என்ன இருக்கு? எங்க ஊர்ல கடலே இருக்கு!" என்றான் நிக்கானோர்.

"இங்க எரிமலை இருக்குடா!" என்று ஃபிதென்சியோ மேசையைத் தட்டினார். கோப்பைகள் குலுங்கின. மூவரும் ஒரே நேரத்தில் பேசியதால் எவர் சொன்னதும் எவர் காதிலும் ஏறவில்லை.

திடீரென அவருடைய மனச்சான்று குத்தியது. பெரிய ரொட்டியில் பெர்நாபே இரண்டு மூன்று பொம்மைகள் வைப்பது வழக்கம். அவ்வாறாயின், பிள்ளைகளுக்குக் கிடைத்தவையே உண்மைப் பொம்மைகள். தம்முடையது கள்ளப் பொம்மை. கடையில் வாங்கிய நல்ல ரொட்டியைக் கிழித்துத் தாமே வைத்ததைக் கொண்டு உரிமை கோருவது அறமாகாது. அவர் பொம்மையை மெல்ல மேசைமீது வைத்தார்.

"சரி, விடுங்க. உங்க ரெண்டு பேர்ல யாராவது விருந்து வைங்க. என்னோடது கணக்குல வராது. ஏன்னா..."

கதவு தட்டப்பட்டது. பெர்நாபே மூச்சிரைக்க நின்றான். முழங்கைவரை மாவு, உள்ளங்கையில் இளஞ்சிவப்புப் பிளாஸ்டிக் பொம்மைகள்.

"மன்னிச்சுக்கங்க ஐயா, கடையில ஒரே கூட்டம்! உங்க ரொட்டியில மட்டும் பொம்மை வைக்கவே மறந்துட்டேன்."