மூச்சு விட்ட பிணம்

வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாதவன் நான். அதைப் பெண் பார்க்கப் போன இடத்திலேயே நிரூபித்தேன்.

அப்போது முகநூலில் பழைய படங்களுக்கு விமர்சனம் எழுதிக்கொண்டிருந்தேன். (படித்தவர்கள் ஏழு பேர். அதில் இரண்டு பேர் என் பெரியப்பா பிள்ளைகள்.) அந்தத் திமிரோடுதான் திண்டிவனத்தில் அம்மாவுடன் பஸ் ஏறிச் செஞ்சிக்குப் போனேன். பெண்ணின் போட்டோவைப் பார்த்த நாளிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. இவளைத் தவிர வேறு யாரும் வேண்டாம் என்று அம்மாவிடம் சொல்லியே விட்டேன்.

அந்த வீட்டில் விருந்தாளிக்கென்றே டிவிடி போட்டு வைத்திருந்தார்கள். செஞ்சிக் கோட்டையிலேயே எடுத்த கறுப்பு வெள்ளைத் துப்பறியும் படம். பெண்ணின் அப்பா வேர்க்கடலை மண்டிக்காரர். "இந்தப் படம் பாத்துருக்கீங்களா தம்பி? எப்பிடி?" என்று ஆவலாகக் கேட்டார்.

கேட்டாரே ஒரு கேள்வி!

ஏற்கெனவே பார்த்த படம்தான். நிறைகளை முதலில் எடுத்துவிட்டேன். "செட்டு போடக் காசில்ல, அதுவே நல்லதாப் போச்சுங்க. கோட்டக் களஞ்சியத்துக்குள்ள கொலகாரன் நெழலு மட்டும் நடந்து வருது பாருங்க, அதுக்கே கைதட்டலாம்." அவர் முகம் மலர்ந்தது. அதோடு நிறுத்தியிருக்கலாம். விதி விட்டதா?

"கொறைன்னா, நடிக்க ஆளே இல்லிங்க. மொதல் சீன்ல செத்தவனே அப்பறம் கான்ஸ்டபிளா வந்து அவன் கொலைய அவனே விசாரிக்கிறான்! அதாவது பரவால்ல. பொணம் மூச்சு உடுது. வயிறு தவள மாரி ஏறி எறங்குது. எங்கேர்ந்துதான் புடிச்சாங்களோ அந்த மூஞ்சிய!"

காபித் தட்டோடு வந்த பெண் என்னைப் பார்த்து, "அது எங்க நைனா" என்றாள்.

அம்மா என் தொடையைக் கிள்ளினாள். டிவியையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தேன். ஐயோ, அதே மூக்கு!

"எழுந்திருங்க தம்பி" என்றார். துரத்தப்போகிறார் என்று செருப்பைத் தேடினேன். அவரோ பெஞ்சைக் காட்டி, "படுங்க. மூச்சு உடாம கெடங்க, பாப்போம்" என்றார்.

படுத்தேன். புது முழுக்கைச் சட்டையோடு, கட்டிக்கொள்ள ஆசைப்பட்ட பெண்ணின் எதிரில், பிணமாக. அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள். பத்து எண்ணுவதற்குள் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்து, அது இருமலாகி, பெஞ்சிலிருந்து உருண்டு விழுந்தேன்.

அவர் சிரிக்கவில்லை. "கோட்டைல ராஜகிரி மல பாற மேல, சித்திர வெயில்ல, வெறும் முதுகோட கெடந்தேன் தம்பி. பிலிம் கம்மி, ஒரே டேக்குதான்னுட்டாங்க. முதுகு பொசுங்குது, மூச்சு உடாம இன்னா பண்றது? தோலு உரிஞ்சி பதினஞ்சு நாளு கவுந்து படுத்தேன்." சொல்லிவிட்டுத் திரையில் கிடந்த அந்த இருபது வயதுக்காரனையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு வெட்கமாகிவிட்டது. அந்தப் பிணத்தின் காலில் விழலாம் போலிருந்தது.

பிறகு மகளிடம் திரும்பினார். "இந்தப் புள்ளைக்கு நடிக்கவே வரலம்மா. தைரியமாக் கட்டிக்கோ."

கட்டிக்கொண்டாள்.

அன்றிலிருந்து அந்த வீட்டுக்குப் பெண் பார்க்க வருகிற எவனும் பெஞ்சில் படுத்தாக வேண்டும். போன மாதம் மைத்துனர் மகளைப் பார்க்க வந்த பையன், முழுசாக ஒரு நிமிஷம் இமைகூட ஆடாமல் கிடந்தான். நாங்கள் எல்லோரும் கைதட்டினோம். மாமனார் மட்டும் என் காதருகே குனிந்தார்.

"மாப்ள, இவன் பெரிய கேடியா இருப்பான் போலக்குது. ஊர்ல நல்லா விசாரிங்க."