ஐந்து-ஒன்பது ஆசாமி

ஐந்து-ஒன்பது ஆசாமி என்று ஓர் இனம் உண்டு. நீங்கள் அவரைப் பார்த்திருப்பீர்கள். பார்க்கவில்லை என்றால் அவர் உங்களைப் பார்த்திருப்பார், பார்த்துப் ‘பிரமாதம்’ என்றும் சொல்லியிருப்பார். எதைப் பிரமாதம் என்றார் என்று கேட்காதீர்கள். அது அவருக்கே தெரியாது.

பெயருக்குக் காரணம் சொல்லிவிடுகிறேன். அமெச்சூர் வானொலிக்காரர்கள், அதாவது உரிமம் வாங்கிக்கொண்டு வீட்டு மொட்டைமாடியில் கம்பி கட்டி முன்பின் தெரியாதவர்களோடு ரேடியோவில் பேசுகிற ஹாம்கள், பேச்சைத் தொடங்கியதும் ‘உங்கள் குரல் எனக்கு இப்படி வருகிறது’ என்று இரண்டு எண்கள் சொல்வார்கள். முதல் எண், பேச்சு எவ்வளவு புரிகிறது என்பதற்கு. அதில் உச்சம் ஐந்து. இரண்டாவது, எவ்வளவு பலமாகக் கேட்கிறது என்பதற்கு. அதில் உச்சம் ஒன்பது. ஐந்து-ஒன்பது என்றால் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து பேசுவது போல என்று பொருள். நல்ல ஏற்பாடுதான். மனிதர்கள் கையில் சிக்காதவரைக்கும் எல்லா ஏற்பாடும் நல்லதுதான். இப்போது என்ன நடக்கிறது தெரியுமா? “உங்க குரல் அஞ்சு-ஒன்பது, அஞ்சு-ஒன்பது, அருமை! பேரை மட்டும் இன்னொரு தடவை சொல்லுங்க. ஊரையும். அப்புறம் நடுவுல ஏதோ சொன்னீங்களே, அதையும்.”

இந்த இனத்தில் ஒரு நல்ல உருப்படி எங்களுக்கு வாய்த்தது. அவரும் ஒரு ஹாம்தான்; தொழிலுக்கு மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். எந்த முகத்துக்கும் எந்த ஃபிரேமும் பொருந்தும் என்பது அவருடைய கொள்கை. அவர் கடையிலிருந்து யாரும் மனம் நொந்து வெளியே வந்ததில்லை. வெளியே வந்து வேறு கண்ணாடியில் முகத்தைப் பார்த்தபிறகுதான் நொந்துகொள்வார்கள். எங்கள் தெருமுனையில் இருக்கும் பழைய கட்டடத்தில் மாடியில் ஹாம்கள் சங்கம். கீழே மேக்கர் பட்டறை. எதையும் கடையில் வாங்காமல் தாங்களே செய்து பார்த்தால்தான் தூக்கம் வரும் என்கிற கூட்டத்துக்கு மேக்கர் என்று பெயர். மாடிக்குத் தெருவிலிருந்து தனி வழி உண்டு; உள்ளே இரண்டு கூட்டத்துக்கும் நடுவே பதினெட்டுப் படிகள். நான் எண்ணியிருக்கிறேன். மேலே இருப்பவர்களுக்குக் கீழே இருக்கும் கருவிகள் வேண்டும், கீழே இருப்பவர்களுக்கு மேலே இருக்கும் அனுபவம் வேண்டும், ஆகவே இரண்டையும் இணைக்க வேண்டும் என்று யாரோ சொல்ல, இணைப்புக் குழு ஒன்று பிறந்தது. தலைவர் யார்? கண்ணாடிக் கடைக்காரரைத் தவிர வேறு யார்! அன்றிலிருந்து அவர் பெயர் ‘பாலம் சார்’.

பாலம் சார் எப்படி இணைத்தார் தெரியுமா? மாடிக்குப் போவார். “கீழ இருக்கிற பசங்க உங்களைக் கோயில் கட்டாத குறையா கும்பிடுறாங்க” என்பார். கீழே வருவார். “மேல இருக்கிறவங்க உங்க வேலையைப் பார்த்து அசந்துபோய் உக்கார்ந்திருக்காங்க” என்பார். உண்மையில் மேலே இருந்தவர்கள் சொன்னது, “பிளாஸ்டிக் கருகுற நாத்தம் தாங்கல, ஜன்னலைச் சாத்துங்க” என்பது. கீழே இருந்தவர்கள் கேட்டது, “மேல யாராச்சும் உயிரோட இருக்காங்களா?” என்பது. இவ்வளவு பாராட்டு வீடு தேடி வந்த பிறகு பதினெட்டுப் படி ஏறி மூச்சு வாங்க யாருக்குப் பைத்தியம்? பதினோரு மாதத்தில் இணைப்புக் குழு பதினான்கு முறை கூடியது. படியில் ஏறி இறங்கியவர் பாலம் சார் ஒருவர்தான். அவருக்கு உடம்பு இளைத்தது. அதுதான் குழுவின் முதல் சாதனை.

இரண்டாவது சாதனை என் தம்பி. இதை நான் சொல்லக்கூடாதுதான். ஆனாலும் வேறு யார் சொல்வார்கள்?

என் தம்பி எங்கள் ஊர்க் குன்றுக்கு அந்தப்பக்கம் ஆற்றங்கரையில் இருக்கும் நீரேற்று நிலையத்தில் மோட்டார் இயக்குபவன். அங்கே எந்தக் கைபேசிக்கும் ஒரு சிக்னல் கோடுகூட வராது. போன வருட வெள்ளத்தில், ஆறு எவ்வளவு ஏறியிருக்கிறது என்கிற ஒரே ஓர் எண்ணைச் சொல்ல, இடுப்பளவுத் தண்ணீரில் இரண்டு மைல் நடந்து வந்தான். நான் வாசலில் நின்று பார்த்தேன். அவன் காலில் ஒரு செருப்புதான் இருந்தது. அதற்குப் பிறகுதான் அவன் ஹாம் தேர்வு எழுதினான், முதல் தடவையிலேயே தேறினான், பட்டறையில் ஓர் ஓரமாக உட்கார்ந்து ஐந்து மாதம் ஈயம் பற்றவைக்கிற சால்டரிங் புகையில் கண்ணைக் கசக்கிக்கொண்டு சொந்தமாக ஒரு ரேடியோ செய்தான். நிலையத்தில் அதை நிரந்தரமாக வைக்க நகராட்சி அனுமதி கொடுத்துவிட்டால் இனி அவன் வெள்ளத்தில் நடக்க வேண்டாம். இவ்வளவுதான் எங்களுக்கு வேண்டியது.

நான் எட்டாவது வரை படித்தவள். சட்டைக்குக் காலர் வெட்டுவது என் தொழில். எனக்கு ரேடியோ தெரியாது, நோட்டுப் போடத் தெரியும். தம்பி வேலை நேரத்தில் நிலையத்திலிருந்து யாரோடெல்லாம் பேசினான், அவர்கள் என்ன எண் சொன்னார்கள் என்று ஒவ்வொரு நாளும் அவனைக் கேட்டுக் கோடு போட்டு எழுதி வைத்தேன். மொத்தம் அறுபத்து மூன்று வரி. அறுபத்திரண்டில் ஐந்து-ஒன்பது. பார்க்கப் பார்க்க எனக்குக் கண் நிறையும். தையலுக்கு வருகிறவர்களிடம் அளவு எடுக்கும்போது அந்த நோட்டைக் காட்டுவேன். கையைத் தூக்கிக்கொண்டு நிற்கிறவர்கள் எங்கே ஓட முடியும்?

அறுபத்து மூன்றாவது வரி என்ன ஆயிற்று என்கிறீர்களா? அது பல் கட்டுகிற அம்மாள் சொன்னது. டாக்டர்களுக்குப் பல்செட் செய்து கொடுப்பவர்; சங்கத்தில் பழைய ஹாம். அவர் தம்பியின் குரலைக் கேட்டுவிட்டுச் சொன்ன எண் மூன்று-இரண்டு. கூடவே, “தம்பி, பின்னாடி ‘ஙொய்’னு ஒரு இரைச்சல். பாதி வார்த்தை அதுல முழுகிப்போகுது” என்றும் சொன்னாராம். சொன்ன அன்றே அவருக்கு ‘மூணு-ரெண்டு’ என்று பட்டம் வைத்துவிட்டார்கள். பாலம் சார் பதறிப்போய் என்னிடம் ஓடி வந்தார்.

“அதைப் பெருசா எடுத்துக்காதீங்கம்மா. இப்பத்தான் கீழயும் மேலயும் ஒண்ணு சேர்ந்து வருது. இந்த நேரத்துல குத்தம் சொன்னா உறவு கெட்டுடும். அந்தம்மா குணமே அப்படி.”

“என் தம்பி மேல பொறாமையா இருக்கும் சார்,” என்றேன் நான்.

“நீங்க சொன்னா அஞ்சு-ஒன்பது!” என்றார்.

அந்த வரியை நோட்டில் பென்சிலால்தான் எழுதியிருந்தேன். எதற்குப் பென்சில் என்று கேட்காதீர்கள்.

சோதனை நாள் வந்தது. மாடியில் நாற்காலி போட்டு, ‘இணைப்புப் பெருநாள்’ என்று பட்டறை இயந்திரத்தில் வெட்டிய எழுத்துகளைச் சுவரில் ஒட்டி, நகராட்சிப் பொறியாளரை நடுவில் உட்காரவைத்தார்கள். பாலம் சார் இருபது நிமிடம் பேசினார். இரண்டு சங்கங்களும் இரண்டு கண்கள் என்றார், இரண்டு கைகள் என்றார், இரண்டு சக்கரங்கள் என்றார், உலகத்தில் இரண்டாக இருக்கும் எதையும் அவர் விடவில்லை. பிறகு மைக்கைப் பிடித்துத் தம்பியைக் கூப்பிட்டார். குன்றுக்கு அப்பாலிருந்து பதில் வந்தது. மிளகாய் அரைக்கிற மில்லுக்குள் நின்றுகொண்டு யாரோ போர்வைக்குள்ளிருந்து பேசுவது போல வந்தது.

“அஞ்சு-ஒன்பது! அருமை, அருமை! ஆத்து மட்டத்தை மட்டும் இன்னொரு தடவை சொல்லுங்க.”

ஙொய்ய்ய்.

பொறியாளர் பேனாவை எடுத்தார். “எவ்வளவு சொன்னாரு?”

“ரொம்பத் தெளிவா சொன்னாரு சார்.”

“சரி, என்ன சொன்னாரு?”

“அதைத்தான் சார் இன்னொரு தடவை கேக்குறேன்.”

நான்கு தடவை கேட்டார். நான்கு தடவையும் ஐந்து-ஒன்பது கொடுத்துவிட்டுத்தான் கேட்டார். அந்த மரியாதையில் குறை சொல்லமுடியாது. கடைசியில் யாரோ, “மோட்டாரைக் கொஞ்சம் நிறுத்தச் சொன்னா நல்லா கேக்கும் சார்,” என்றார்கள்.

“ஆறு ஏறும்போது மோட்டாரை நிறுத்த முடியுமா? அப்பத்தானே இவரு பேசணும்?” என்றார் பொறியாளர். பேனாவை மூடினார். “பத்து நாள் தரேன். அப்பவும் எனக்கு நம்பர் விழலைன்னா இந்தப் பெட்டிக்கு அனுமதி கிடையாது. பழையபடி ஆள் நடந்துதான் வரணும்.”

பழையபடி என்ற சொல் எனக்கு ஒற்றைச் செருப்பாகக் கேட்டது.

கூட்டம் கலையும்போது பாலம் சார் எல்லோர் கையையும் பிடித்துக் குலுக்கி, “மொத்தத்துல வெற்றிதான்” என்றார். பல் கட்டுகிற அம்மாள் கேட்டதையெல்லாம் கைபேசியில் பதிவு செய்திருந்தார்; அதை எடுத்துக்கொண்டு படி இறங்கினார். பாலம் சாரைத் தவிர்த்து அந்தப் படியில் இறங்கிய முதல் ஹாம் அவர்தான். நான் பின்னாலேயே போனேன். பட்டறையில் சக்கர நாற்காலிக்கு மோட்டார் பொருத்திக்கொண்டிருந்த பெண்ணின் காதருகே அந்த இரைச்சலை ஓடவிட்டார்.

“இதுவா அஞ்சு-ஒன்பது?” என்று அந்தப் பெண் சிரித்தாள். “மோட்டார் லைன்லயே ரேடியோவுக்கும் கரண்ட் எடுத்திருக்காரு. அந்த இரைச்சல் கம்பி வழியாவே உள்ள ஏறுது. இத்தனை ஹாம் இருக்கீங்க, இதுகூடத் தெரியாதா?”

“தெரியும். நான் சொன்னேன். ஒருத்தரும் காதுல போட்டுக்கல. அது கிடக்கட்டும், உங்க பட்டறையில வச்சுத்தானே செஞ்சான்? நீங்க பாக்காம என்ன புடுங்கிட்டிருந்தீங்க?”

“எங்க வேலை உங்களுக்குப் பிடிச்சிருக்குன்னு பாலம் சார் சொன்னாரே!”

“நான் சொன்னேனா? உங்க சால்டரிங்கைப் பார்த்தா ஈ மொய்ச்ச மாதிரி இருக்கு.”

“உங்க ஆன்டெனா மட்டும்? துணி காயப்போடுற கொடி தேவலாம்.”

இரண்டு சங்கங்களும் வரலாற்றில் முதன்முறையாக நேருக்கு நேர் திட்டிக்கொண்டன. இணைப்பு ஏற்பட்டுவிட்டது.

அதன்பிறகு படி தேய்ந்தது. ரேடியோவை மோட்டார் லைனிலிருந்து பிரித்துத் தனியாக பேட்டரி கொடுத்தார்கள். கம்பிகளை ஏதோ கறுப்பு வளையத்தில் சுற்றினார்கள். மைக்குக்கு ஒரு மூடி செய்தார்கள். தினமும் சாயங்காலம் பல் கட்டுகிற அம்மாள் மாடியிலிருந்து எண் சொல்வார்: மூன்று-மூன்று. மூன்று-ஐந்து. மறுபடி மூன்று-மூன்று. ஒருநாள் நான் பொறுக்காமல், “கொஞ்சம் கூட்டிச் சொன்னா என்ன? அவன் சோர்ந்துபோறான்” என்றேன்.

“பல்லு சரியா உக்காரலைன்னா அழகா இருக்குன்னு சொல்லி அனுப்ப முடியுமாம்மா? ராத்திரி சோத்துக்கு உக்காரும்போது தெரிஞ்சிடாது? நீ காலர் வெட்டுறவதானே, கால் அங்குலம் விட்டுப்போனா கழுத்து சும்மா விடுமா?”

 உங்களிடம் ஒன்றை மறைத்துவிட்டேன். சோதனை நாளுக்கு ஒரு மாதம் முன்னால் ஒருநாள் நான் மாடியில் உட்கார்ந்து தம்பியின் குரலை நேரிலேயே கேட்டேன். மில்தான் கேட்டது. சாயங்காலம் வீட்டுக்கு வந்து, “அக்கா, எப்படிக் கேட்டுச்சு?” என்று முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். “மணி அடிச்ச மாதிரி இருந்துச்சுடா” என்றேன். அன்று ராத்திரிதான் ரப்பரை எடுத்து அந்தப் பென்சில் வரியை அழித்தேன். காலர் விஷயத்தில் நூல் பிசகமாட்டேன். தம்பி விஷயத்தில் ஓர் ஆற்றையே மூடி மறைத்தேன்.

பத்தாம் நாள் பொறியாளர் வந்தார். நாற்காலி வரிசை இல்லை, சுவரில் எழுத்து இல்லை. அந்தப்பக்கம் மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. மைக்கைப் பல் கட்டுகிற அம்மாள் பிடித்தார். தம்பியின் குரல் வந்தது. கொஞ்சம் கரகரப்பு, கொஞ்சம் தூரம், ஆனால் குரல்.

“உனக்கு நாலு-ஏழு. ஆத்து மட்டம் ரெண்டு புள்ளி எட்டு அஞ்சு மீட்டர். சரியா?”

“சரிதான்மா.”

பொறியாளர் எழுதினார். எழுதியதை ஒருமுறை வாசித்துக் காட்டினார். கையெழுத்துப் போட்டார். முடிந்தது.

அன்று சாயங்காலம் தம்பி வந்து என் முன்னால் நின்றான். “அக்கா, எப்படிக் கேட்டுச்சு?”

“நாலு-ஏழுடா. புள்ளின்னு சொல்லும்போது அவசரத்துல முழுங்குற. அதைச் சரி பண்ணு.”

ஒரு நிமிடம் என்னை ஏற இறங்கப் பார்த்தான். “இப்பத்தான் நீ நிஜமாவே கேட்டிருக்கே” என்று சொல்லிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தான். நான் நோட்டை எடுத்து, அழித்த வரியில் தடம் பார்த்துப் பேனாவால் மூன்று-இரண்டு என்று எழுதினேன்.

பாலம் சார் நன்றாகத்தான் இருக்கிறார். பரஸ்பரப் பாராட்டுதலால் விளைந்த வெற்றி என்று அறிக்கை அடித்து மேலேயும் கீழேயும் ஒட்டியிருக்கிறார். மேலே இருப்பவர்களும் கீழே இருப்பவர்களும் இப்போது ஒன்றாகச் சேர்ந்து அவரைக் கேலி செய்கிறார்கள். ஆக, இணைத்தது அவர்தான் என்பதை மறுக்கமுடியாது.

நீங்கள் இதுவரைக்கும் வந்துவிட்டீர்கள். ‘நல்லா எழுதியிருக்கீங்க, பிரமாதம்’ என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்திருக்கும். சொல்லுங்கள், எனக்கென்ன கசக்கவா போகிறது? ஆனால் அதற்கு முன்னால் ஒரே ஒரு கேள்வி. கடைசி நாள் என் தம்பி சொன்ன ஆற்று மட்டம் எவ்வளவு?

மேலே பார்க்காமல் சொல்ல வேண்டும்.

என்ன, கண் மேலே போகிறதா? வாருங்கள், வாருங்கள். ஐந்து-ஒன்பது!