விளக்குச் சாமியின் ஐஸ்வரிய பல்பு

ஹோட்டல் திறப்பு விழா நாளைக்குத்தான். ஆனாலும் லாட்ஜ்காரர், மண்டபக்காரர், பேக்கரிக்காரர் எல்லோரும் இன்றைக்கே வந்து, மாடி ஹாலில் செருப்பைக் கழற்றிவிட்டுக் கைகட்டி நின்றார்கள். விளக்குச் சாமி வருகிறாராம்!

சாமியின் மகிமை தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். கண்ணைக் கட்டிக்கொண்டு பல்பின் முன்னால் உள்ளங்கையை நீட்டுவார். இது குடும்பத்தைக் கெடுக்கும், இது கொட்டிக் கொடுக்கும் என்று பட்டென்று சொல்வார். கெடுப்பதைக் கழற்றிவிட்டுத் தம்முடைய ஊதா நிற 'ஐஸ்வரிய பல்பை' மாட்டச் சொல்வார். அது எந்தக் கடையில் கிடைக்கும் என்கிறீர்களா? அவர் பையில்தான்! பல்பின் மேலிருக்கும் கம்பெனிப் பெயரைச் சுரண்டிவிட்டால் ஐஸ்வரியம் வந்து உட்கார்ந்துகொள்ளும் போலிருக்கிறது.

இங்கே விளக்குகளைத் தேர்ந்தெடுத்தவள் முதலாளியின் மனைவி. கட்டிலருகே இதமான மஞ்சள் வெளிச்சம், முகக்கண்ணாடிக்கு வெள்ளை வெளிச்சம், மாடிப்படியில் படிக்குப் படி ஒரு சின்ன விளக்கு. ஒவ்வொன்றையும் எரியவிட்டு, தானே படுத்துப் பார்த்து, நடந்து பார்த்து வைத்தவள். போன வாரம் சாமி வந்தார், எல்லாம் ஊதாவாயிற்று. ரொட்டி பூஞ்சை பிடித்ததுபோல் தெரிந்தது. வரவேற்பறையில் சிரிக்கிறவன்கூடப் பிணமாகத் தெரிந்தான். படிக்கட்டில் விளக்கே எரியக் கூடாதாம். வெளிச்சம் இருந்தால் அதிர்ஷ்டம் வழி கண்டுபிடித்து இறங்கிப் போய்விடுமாம்! அந்த ஸ்விட்சின் மேல் டேப் ஒட்டிவிட்டார்கள்.

அதிர்ஷ்டம் இறங்கவில்லை. முதலாளியின் அம்மாதான் இறங்கினார், உட்கார்ந்தபடியே, கடைசிப் படிவரைக்கும். "சாமி பல்பு இருந்ததாலதான் கணுக்காலோட போச்சு" என்று கட்டுப் போட்ட காலைத் தடவிக்கொண்டார். இதற்கு என்ன சொல்ல!

அதோடு விட்டாரா சாமி? "பழைய விளக்கைப் பொறுக்கின கை ராசியில்லாத கை. திறப்பு விழா அன்னிக்கு அந்தக் கை இந்த வாசப்படியை மிதிக்கக் கூடாது" என்று உத்தரவு போட்டார். கை எப்படி மிதிக்கும் என்று கேட்க அங்கே ஒருவருக்கும் நாக்கு எழவில்லை.

"செங்கல் இறக்கின நாள்லேருந்து இங்கயே கிடந்தவ நானுங்க. நாளைக்கு மட்டும் வீட்ல உக்காந்திருக்கணுமா?" என்றாள் மனைவி.

"ஒரு நாள்தானேம்மா... சாமி சொல்றார்ல" என்று முதலாளி தரையைப் பார்த்தார்.

அவள் கூட்டத்தின் பக்கம் திரும்பினாள். "சரிங்க. எல்லார் முன்னாடியும் சாமி ஒரே ஒரு பல்பைச் சரியாச் சொல்லட்டும். நானே போயிடறேன்."

சாமி சுவரைத் தடவித் தடவி மாடியேறி வந்தார். பையிலிருந்து பட்டுத்துணியை எடுத்தார்.

"அது வேணாம் சாமி, மூக்குப் பக்கம் சந்து விடுது" என்றாள் அவள். பகலிலும் விருந்தாளி தூங்குவதற்காக அறைகளில் மாட்டும் கனத்த ஜன்னல் திரை ஒன்றைக் கொண்டுவந்து, தலை முதல் கழுத்துவரை மூடிக் கட்டினாள். இத்தனை பேர் பார்க்கும்போது சாமி என்ன செய்வார், பாவம்!

மேசை விளக்கின் பல்பைச் சத்தமில்லாமல் கழற்றினாள். சமையலறையிலிருந்து எடுத்துவந்த ஒரு பெரிய வெங்காயத்தை அந்த இடத்தில் வைத்தாள். கூட்டம் வாயைப் பொத்திக்கொண்டது. முதலாளி ஏதோ சொல்ல வர, பக்கத்து நாற்காலியில் காலை நீட்டியிருந்த அவருடைய அம்மா அவர் தொடையில் ஒரு கிள்ளு கிள்ளினார். "சும்மா இருடா. பாப்போம்."

சாமி உள்ளங்கையை நீட்டினார். "ஆஹா! என்ன குளுமை! ஊதா ஒளி உச்சந்தலைக்கு ஏறுதே! நம்ம பல்பேதான்!"

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க சாமி."

"யோசிக்கவே வேணாம் தாயே. கோடி சூரியப் பிரகாசம்!"

திரையை உருவினாள். கோடி சூரியன் தோலோடு உட்கார்ந்திருந்தது.

சாமி லேசுப்பட்டவரா? "வெங்காயத்துக்குள்ளயும் ஒளி உண்டு" என்றார்.

"அப்படியா? உரிச்சுக் காட்டுங்க."

உரித்தார். உரிக்க உரிக்க ஒளி வரவில்லை; கண்ணீர் வந்தது. கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. சாமி பையைத் தூக்கிக்கொண்டு படிக்கட்டுக்கு ஓடினார். தடதடவென்று ஒரு சத்தம்.

"ஐயோ! யாராவது லைட்டைப் போடுங்கம்மா!"

அவள் டேப்பைப் பிய்த்து ஸ்விட்சைத் தட்டினாள். படிக்குப் படி வெளிச்சம். "பாத்து இறங்குங்க சாமி. அதிர்ஷ்டமும் கூட வந்தா கூட்டிட்டுப் போங்க."

முதலாளி தலையைச் சொறிந்தார். "நாளைக்கு ரிப்பனை நீயே வெட்டிடும்மா."

"அவ வெட்டாம வேற யாருடா வெட்டுவா?" என்றார் அவருடைய அம்மா, என்னமோ முதலிலிருந்தே அவர்தான் சொல்லிவந்ததுபோல.

எல்லாம் தெளிந்துவிட்டது என்றுதான் நானும் நினைத்தேன். லாட்ஜ்காரர் மெதுவாக அவளிடம் வந்தார். "ஏம்மா, இவன் திருட்டுப்பய. நம்பிக்கையான சாமி வேற யாராவது தெரியுமா?"

"தெரியும்ணே. உங்க கழுத்துக்கு மேலதான் குடியிருக்கு. பிறந்ததுலேருந்து சும்மாவே கிடக்கு, ஒரு தடவை வேலை கொடுத்துத்தான் பாருங்களேன்!"