யாரும் தொடாத சாப்ட்வேர்

சும்மா கிடக்கும் பொருளைக் கண்டால் எனக்குக் கை அரிக்கும். தூக்கிப் போட்டால்தான் தூக்கம் வரும். (மனைவியின் கல்யாணக் கைப்பை போன கதையை இங்கே இழுக்க வேண்டாம்.) அந்த வியாதியை ஆபீஸுக்கும் கொண்டு போனதுதான் வினை.

கடலூர் துறைமுகத்தில் படகுகளுக்கு ஐஸும் லாரியும் அனுப்பும் கம்பெனி அது. என் மனைவியின் அண்ணன் சேகர் மச்சான் படகு வைத்திருப்பவர். அவர்தான் சொல்லி வேலை வாங்கித் தந்தார். சிதம்பரத்திலிருந்து பஸ்ஸில் போய் வந்தேன். சேர்ந்தது மே மாதம்.

முதலாளி முதல் நாளே புலம்பினார். "சாப்ட்வேர் ஜாஸ்தியாப் போச்சுப்பா. எல்லாத்துக்கும் வருஷா வருஷம் தண்டம் அழுவுறேன். வேண்டாதத கழிச்சுக் கட்டு. ஒழுங்கா முடிச்சின்னா வேலை நிரந்தரம்."

தேடினேன். 'படகு' என்று ஒன்று, வாரக்கணக்கில் யாரும் திறக்கவில்லை. யாரையாவது ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்டால் என் கெட்டிக்காரத்தனம் என்னாவது? அழித்துவிட்டேன். எதை என்று கேட்காமலே முதலாளி தோளில் தட்டினார்.

ஜூன் நடுவில் ஒரு காலை. பஸ் ஆலப்பாக்கம் தாண்டும்போது மச்சான் போன் செய்தார்.

"மாப்ள, கரைக்கு வந்துட்டோம். வழியிலயே போன்ல ஐஸ் கேட்டுப் போட்டோம். சுத்திக்கினே கெடக்கு. ஒரு லாரியக்கூட காணோம். வெயில் ஏறுது, என்னான்னு பாருங்க."

"எதுல போட்டீங்க மச்சான்?"

"அதான், படகுன்னு இருக்குமே!"

நான் அழித்த அதே 'படகு'. பஸ்ஸோ நிறுத்தத்துக்கு நிறுத்தம் ஆள் ஏற்றியது. கண்டக்டரிடம் கெஞ்சினேன்: "கொஞ்சம் வேகமாப் போகச் சொல்லுங்கண்ணே."

"ஏன் தம்பி, ஆஸ்பத்திரியா?"

"இல்லண்ணே, மீன்."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு நகர்ந்தார்.

அதற்குள் ஐஸ் பேக்டரிக்குப் போன் போட்டுக் கதறினேன். நான் போய்ச் சேர்ந்தபோதும் லாரி வரவில்லை. துறைமுகம் முழுக்க மீன் பெட்டிகள் வெயிலில் கிடந்தன. உண்மையைச் சொன்னேன். வேறு வழி?

மச்சான் தலையில் கை வைத்துக்கொண்டார். "யாரும் தொடலன்னு அழிச்சீங்களா? ரெண்டு மாசம் மீன்பிடித் தடைக்காலம் மாப்ள! கடலையே எவனும் தொடல. அதையும் மூடிடுவீங்களா?"

(மீன் கிடைக்கவில்லை என்று அந்த இரண்டு மாதமும் கோழி தின்றபடி புலம்பியவனும் நான்தான்.)

மதியம் ஐஸ் வந்தது. அதற்குள் தடை முடிந்து மச்சான் பிடித்து வந்த முதல் மீன் மொத்தமும் கருவாட்டுக்குத்தான் ஆயிற்று. அவர் முகத்தைப் பார்க்க முடியாமல் அழுதே விட்டேன். சாப்ட்வேர் செய்தவர்களிடம் நகல் இருந்ததால் 'படகு' உயிர் பிழைத்தது. மச்சான் பேசியதால் என் வேலையும் பிழைத்தது. நிரந்தரம் மட்டும் தள்ளிப் போனது.

இப்போதும் ஞாயிற்றுக்கிழமை நான் சோபாவில் சாய்ந்தால் போதும், மனைவி ஆரம்பித்துவிடுவாள். "அண்ணே, இது காலைலேருந்து அசையவே இல்ல. அழிச்சிடலாமா?"

மச்சான் கருவாட்டைக் கடித்தபடி சொல்வார்: "அவசரப்படாத பாப்பா. தடைக்காலமா இருக்கும்."