ஒரு பக்கமே வளையும் வில்

நாணைப் பூட்டி இழுத்துப் பார்த்ததும் மூக்குக்கண்ணாடிக் கடைக்காரரின் முகம் தொங்கிப்போனது. வில்லின் வலதுபுறம் அழகாக வளைந்தது. இடதுபுறம் விறைத்துக்கொண்டு நின்றது.

அடுத்த ஞாயிறு மகளுக்கு வில்வித்தைக் குழுவில் தேர்வு. சொந்த மரவில் வேண்டுமாம். ஆறு மாதத்துக்கு முன்பே கொல்லையிலிருந்த இளமரத்தை வெட்டி, பட்டை உரித்து, நிழலில் காயவைத்து, அவள் உயரத்துக்குச் செதுக்கியிருந்தார்.

"வில்லுன்னா கெட்டியா இருக்கணும். அப்பதான் அம்பு தூரம் போகும்" என்பது அவர் கட்சி.

திங்கள் காலை பக்கத்து வீட்டுத் தச்சரிடம் இழைப்புளி வாங்கி, இடப்பக்கத்தை இரண்டே இழுப்பு இழைத்துவிட்டுக் கடைக்குப் போனார். மாலையில் வந்து பார்த்தால் இடப்பக்கம் துவண்டது, வலப்பக்கம் விறைத்தது.

"ரெண்டே இழுப்புதாம்மா இழைச்சேன்!"

"மரம் என்ன எண்ணிக்கிட்டா இருக்கும்?" என்றாள், அப்போதுதான் வேலையிலிருந்து திரும்பிய மனைவி.

கூடத்தில் இருந்த மாமனார், ஓய்வுபெற்ற தையல்காரர், மின்விசிறியைப் பார்த்துச் சொன்னார்: "சிலருக்குக் கண்ணாடி மாட்டிவிட மட்டும்தான் வரும்."

"உங்கப்பாவைச் சும்மா இருக்கச் சொல்லு."

அலமாரியை எந்தச் சுவரோரம் வைப்பது என்று கிளம்பிய சண்டை. மூன்று வருஷமாக இருவருக்கும் பேச்சு இல்லை.

செவ்வாய் வலப்பக்கம் இழைத்தார். மாலையில் அது துவண்டது. புதன் இடப்பக்கம் ஒரே இழுப்பு, அதுவும் மூச்சைப் பிடித்துக்கொண்டு. அதுவும் துவண்டது. வெயிலில் மரம் சுருங்குகிறது போலும் என்று வியாழன் ஈரத்துணி சுற்றினார். வில் தொளதொளத்துப் போனது. வெள்ளி துணியை அவிழ்த்து வலப்பக்கம் இழைத்தார். சனிக்கிழமை பார்த்தபோது இரண்டு பக்கமும் ஒன்றுபோல் வளைந்தது. ஆனால் பிரம்பு மாதிரி மெலிந்திருந்தது.

"இதை வச்சு அம்பு எங்கம்மா போகும்?" என்று மகளிடம் நீட்டினார்.

"போகும்ப்பா. விடுங்க" என்றாள் மகள்.

ஞாயிற்றுக்கிழமை மொத்தக் குடும்பமும் மைதானத்தில். தச்சரும் வேடிக்கை பார்க்க வந்திருந்தார். மகள் காதுவரை நாணை இழுத்து விட்டாள். அம்பு பலகையின் நடுவட்டத்தில் போய்த் தைத்தது.

"பார்த்தீங்களா மாமா!"

"பார்த்தேன் மாப்பிள்ளை!"

கட்டிக்கொண்ட பிறகுதான் இருவருக்கும் சண்டை ஞாபகம் வந்தது. ஆனாலும் கையை எடுக்கவில்லை.

பயிற்சியாளர் வில்லைத் தடவிப் பார்த்தார். "பத்து வயசுக்கு இதுதான் அளவு. இன்னும் கொஞ்சம் கெட்டியா இருந்தா பொண்ணால இழுக்கவே முடிஞ்சிருக்காது. யார் செஞ்சது?"

"நான்தான்" என்றார்கள் இருவரும் ஒரே குரலில்.

ஒருவரை ஒருவர் திகைத்துப் பார்க்க, தச்சர் விழுந்து விழுந்து சிரித்தார்.

"காலையில மாப்பிள்ளை இழைப்புளி வாங்கிட்டுப் போவார், மத்தியானம் மாமனார் வாங்கிட்டுப் போவார். நல்லவேளை, ரெண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை இல்ல!"