முதல் பத்துப் பக்கத்தைக் கிழித்துப் போடுங்கள்

எங்கள் வட்டாரத்தில் யாராவது புதிதாகக் கதை எழுத ஆரம்பித்தால் என்னிடம் அனுப்பிவைப்பார்கள். "அவரைப் போய்ப் பாரு, நாலு அட்வைஸ் குடுப்பார்" என்பார்கள். நானும் கொடுக்கிறேன். அந்த நாலும் எப்படிப் பிறந்தன என்பதை மட்டும் சொல்வதில்லை. (மனைவியிடம் சொன்னேன். அது ஊருக்கே சொன்ன மாதிரி என்பது பிறகுதான் புரிந்தது.) நாலும் பச்சைப் பொறாமையில் பிறந்தவை.

இரண்டாயிரத்து நான்கு வாக்கில் நான் கும்மிடிப்பூண்டி எஸ்டேட்டில், இரும்புக் கம்பி தயாரிக்கும் ஒரு கம்பெனியில் லேப் கெமிஸ்ட். வீடு திருவள்ளூர் மணவாள நகர். கம்பெனி பஸ்ஸில் போக வர இருந்த நேரமெல்லாம் கதை எழுதினேன். எல்லாமே மூணாறு மூடுபனியில் தாடி வைத்த ஓவியர்கள் காதலில் தோற்கும் கதைகள். (நான் அதுவரை அரக்கோணம் தாண்டியதில்லை.) ஒன்றுகூட அச்சில் வரவில்லை. ஆனாலும் கம்பெனியில் எனக்கு 'ரைட்டர் சார்' என்று பெயர். பரப்பியவன் நான்தான்.

ஒரு நாள் மத்தியானம் கிரேன் ஆபரேட்டர் முனிரத்தினம் லேபுக்கு வந்தார். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். கையில் ஷிப்ட் ரிப்போர்ட் தாள்கள் ஒரு கத்தை.

"சார், வேலையா கீறீங்களா?"

"சொல்லுங்க முனிரத்தினம்."

"மேல கிரேன்ல குந்திக்கினு சும்மா இருக்க சொல்லோ ஒரு கதை எழுதிக்கினேன் சார். கதைதானா இன்னான்னு தெர்ல. வாரப் பத்திரிகைல கதைப் போட்டி வெச்சிக்கீறாங்களே, அதுக்கு அனுப்பலாமா? நீங்கதான் பாத்துச் சொல்லணும்."

அதே போட்டிக்கு நானும் அனுப்பத் தயாராக இருந்தேன். பாவம், ஆசைப்படுகிறார் என்று பெருந்தன்மையோடு வாங்கிக்கொண்டேன். நாற்பது பக்கம், தாள்களின் பின்பக்கத்தில்.

பஸ்ஸில் பிரித்தேன். கதையில் ஒரு கிரேன்காரன். மேலேயிருந்து பார்ப்பதால் அவனுக்கு ஷெட்டில் யாருடைய முகமும் தெரியாது. ஹெல்மெட்டை வைத்துத்தான் அடையாளம். ஒரு நாள் ஒரு ஹெல்மெட் குறைகிறது. கீழே இருப்பவர்கள் யாருக்கும் அது தெரியவில்லை. படித்து முடித்து நிமிர்ந்தபோது மணவாள நகரைத் தாண்டிக் கடைசி நிறுத்தத்தில் இருந்தேன். டிரைவர் என்னைத் திட்டிக்கொண்டிருந்தார். எட்டு வருடமாக அந்த ஷெட்டுக்குள் போய் வருகிறேன். ஒரு நாளாவது தலையைத் தூக்கிப் பார்த்திருப்பேனா? அன்று சோறு இறங்கவில்லை.

மறுநாள் சிவப்புப் பேனாவால் அடித்துத் தள்ளிவிட்டு அவரை அழைத்தேன்.

"முதல் பத்துப் பக்கத்தைக் கிழிச்சிப் போடுங்க. வர்ணனை எல்லாத்தையும் எடுத்துடுங்க. 'அழுதான், துடித்தான்'னு வர்ற இடத்தையெல்லாம் அடிங்க. கடைசிப் பக்கமும் வேணாம்."

"கடைசிப் பக்கத்துலதான சார் ஃபுல் மேட்டரே கீது?"

"அதனாலதான்" என்றேன். எதனால் என்று எனக்கே தெரியாது. தலையும் வாலும் போனால் மிச்சம் ஒரு பிண்டம்தானே போட்டிக்குப் போகும் என்பது என் கணக்கு.

மூன்று மாதம் கழித்து முனிரத்தினத்துக்கு முதல் பரிசு. என் மூணாறு, நானே ஸ்டாம்ப் ஒட்டி வைத்திருந்த கவரில் மடிப்புக் கலையாமல் திரும்பி வந்தது. பத்திரிகையை வாங்கிப் படித்தேன். எடுத்த எடுப்பிலேயே ஹெல்மெட் குறைகிறது. முடிவு சொல்லாமல் நிற்கிறது. உடம்பு சிலிர்த்தது. அவர் நன்றாக எழுதியதைக்கூடப் பொறுத்திருப்பேன். என் வாயால் அது இன்னும் நன்றாகிவிட்டதே, அதைத்தான் தாங்க முடியவில்லை.

கம்பெனி கேன்டீனில் பாராட்டு விழா. குடும்பத்தோடு வரச் சொல்லியிருந்தார்கள். மாலையும் கழுத்துமாக முனிரத்தினம் மைக் பிடித்தார். "இதுக்கெல்லாம் காரணம் ரைட்டர் சாருதான்" என்று ஆரம்பித்து என் நாலு அறிவுரைகளையும் வரிசையாகச் சொன்னார். கைதட்டல் அடங்கியதும் ஜி.எம். என்னைப் பார்த்தார். "குருவே ஒரு கதை வாசிக்கலாமே!"

கதை என் பையில் இருந்தது. (கேட்க மாட்டார்களா என்று நான்தான் கொண்டுபோயிருந்தேன்.) தொண்டையைச் செருமிக்கொண்டு வாசித்தேன்.

"கீழ்வானில் ஆதவன் தன் பொற்கரங்களை நீட்டி, மூணாறின் பனிபடர்ந்த முகடுகளை மெல்ல வருடி..."

இரண்டு நிமிடம் ஆகியும் சூரியன் முழுதாக எழவில்லை. பின்வரிசையிலிருந்து ஃபர்னஸ் செக்ஷன் ஆள் ஒருவன் குரல் கொடுத்தான். "சார், மொதப் பத்துப் பக்கத்தக் கிழிச்சிடணும்னீங்களே!"

சிரிப்பு. நானும் பெருந்தன்மையாகச் சிரித்து வைத்தேன்.

"மொத்தம் எத்தினி பக்கம் சார்?"

பொய் சொல்லியிருக்கலாம். "ஒன்பது" என்றேன்.

கேன்டீன் அதிர்ந்தது. ஜி.எம்.முக்கு டீ புரையேறியது. முன்வரிசையில் என் மனைவி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டிருந்தாள். அவமானத்தில் அழுகிறாள் என்று நினைத்தேன். தோள்கள் குலுங்கிய விதத்தில் சந்தேகம் தீர்ந்தது.

கை கழுவும் இடத்துக்குப் போய் நின்றேன். பின்னாலேயே முனிரத்தினம் வந்தார். "பேஜாராக்கிட்டானுங்க சார். மனசுல வெச்சிக்காதீங்க."

எனக்குத் தாங்கவில்லை. "முனிரத்தினம், உங்க கதை நல்லா வரணும்னு நான் சொல்லல. வீணாப் போகணும்னுதான் சொன்னேன். பொறாமை."

"தெரியும் சார்."

"தெரியுமா?"

"செவப்புப் பேனாவால அடிச்சீங்க இல்ல? சில எடத்துல பேப்பரே கிழிஞ்சிருந்துச்சு. அம்மாம் ஆத்திரமா அடிச்சிருக்கீங்கன்னா அது நல்ல லைனாத்தான் இருக்கும்னு அத்த மட்டும் அப்டியே வெச்சிக்கினேன். மத்ததெல்லாம் நீங்க சொன்னாப்ல எடுத்துட்டேன்." மாலையைக் கழற்றிக்கொண்டே சொன்னார். "என் ஊட்ல ரெண்டு பக்கத்துக்கு மேல யாரும் படிக்கல சார். நாப்பது பக்கமும் படிச்சது நீங்க ஒருத்தர்தான்."

வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் மனைவியிடம் கொட்டினேன். அன்றோடு என் கௌரவம் போனது. இப்போது என் மகள் கல்லூரியில் படிக்கிறாள், கதை எழுதுகிறாள். படித்துவிட்டு "அருமைம்மா" என்று நான் சிரித்தால் அந்தக் கதையைத் தூக்கி ஓரமாக வைத்துவிடுகிறாள்.

போன மாதம் ஒன்று கொடுத்தாள். படித்தேன். எழுந்துபோய் முகம் கழுவினேன். சமையலறையிலிருந்து மனைவியின் குரல்:

"என்னடி, அப்பா மூஞ்சி எப்படி இருக்கு?"

"சுண்டிப் போச்சும்மா!" என்று குதித்தாள் மகள்.

அன்று வீட்டில் பாயசம்.