சீட்டாட்டத்தை உத்தியோகமாக்கப் போனேன்

ஒரு சனிக்கிழமை சாயங்காலம், பல் டாக்டர் கிளினிக் வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தபோது அந்த முடிவை எடுத்தேன். இனிமேல் வேலைக்குப் போவதில்லை. போக்கர் ஆடியே பிழைப்பது.

என் வாழ்க்கையின் பெரிய முடிவுகளையெல்லாம் நான் ஒற்றைக் காலில் நின்றுதான் எடுத்திருக்கிறேன். கல்யாணத்துக்குச் சம்மதித்ததும் அப்படித்தான். அன்றைக்குக் காலில் முள்.

முதலில் என் வேலையைச் சொல்லிவிடுகிறேன். லிஃப்ட் கம்பெனியில் அவசர உதவி மேஜை. ஊரில் எந்தக் கட்டடத்து லிஃப்ட் நடுவழியில் நின்றாலும், உள்ளே இருப்பவர் சிவப்புப் பொத்தானை அமுக்கினால் என் காதில் மணி அடிக்கும். "பயப்படாதீங்க. மெக்கானிக் கிளம்பிட்டாரு. பக்கத்துத் தெருவுக்கே வந்துட்டாரு" என்பேன். மெக்கானிக் அப்போது எனக்கு எதிரே உட்கார்ந்து டீயை ஆற்றிக்கொண்டிருப்பார். என் குரலில் ஒரு நடுக்கம் இருக்காது. தேன் மாதிரி இறங்கும். ஒருமுறை இரண்டு மாடிகளுக்கு நடுவே மாட்டிக்கொண்ட ஒருவர், என் பேச்சில் சொக்கிப்போய், கதவு திறந்த பிறகும் இறங்க மாட்டேன் என்று அடம்பிடித்தார். இன்னொரு லிஃப்டில் இரண்டு குடும்பங்கள் அந்நியர்களாக மாட்டிக்கொண்டு சம்பந்திகளாக வெளியே வந்தன. நம்பாதவர்கள் அந்தத் தம்பதியையே கேட்டுக்கொள்ளலாம். விலாசம்தான் மறந்துவிட்டது.

இப்படி வருஷக்கணக்காகப் பொய்யைப் பதறாமல் சொல்லிப் பழகிய ஒருவனுக்கு, போக்கர் எவ்வளவு சுலபமாக வந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

சனிக்கிழமை மத்தியானம் கிளினிக்கை மூடியதும் நாங்கள் நாலு பேர் உட்காருவோம். பல் டாக்டர், மருந்துக்கடைக்காரர், தையற்காரர், நான். மருந்துக்கடைக்காரர் டாக்டர்களின் சீட்டையே படித்துப் பழகியவர். எந்தச் சீட்டைக் கொடுத்தாலும் கண்ணை இடுக்கிக்கொண்டு வெகுநேரம் படிப்பார். பந்தயம், தையற்காரர் கொண்டுவரும் சட்டைப் பட்டன்கள். அந்த வருஷம் நான் ஜெயித்த பட்டன்கள் ஒரு பிஸ்கட் டின் நிறைய.

அன்றைக்கு ஒரு ஜோடிகூடச் சேராத கையை வைத்துக்கொண்டு, மூன்று ராணிகளோடு உட்கார்ந்திருந்த டாக்டரை, பந்தயத்தை ஏற்றியே ஆட்டத்தை விட்டு விரட்டிவிட்டேன். அவர் ஆடிப்போய், "உங்க திறமைக்கு அந்த ஆபீஸ் ஒரு கேடுங்க. பெரிய கிளப்புல ஆட வேண்டிய ஆளு நீங்க" என்றார். பல்லைப் பிடுங்குகிறவர் சொன்னால் அதில் வேர் வரைக்கும் உண்மை இருக்கும் என்று நம்பினேன்.

வீட்டுக்கு வந்தேன். என் மனைவி வாரத்துக்கான என் ஆபீஸ் சட்டைகளை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். வழியெல்லாம் நான் பதில்களைத் தயார் செய்திருந்தேன். அழுதால் ஒரு பதில். அம்மா வீட்டுக்குப் போகிறேன் என்றால் ஒரு பதில். சாப்பாடு கிடையாது என்றால் மட்டும் பதில் இல்லை. அங்கே கொஞ்சம் பயம் இருந்தது.

"இவளே, நான் வேலையை விடப்போறேன்."

"சரிங்க."

"சரியா? ஏன்னு கேட்க மாட்டியா?"

"ஏன்?"

"போக்கர் ஆடப்போறேன். முழுநேரமா. தொழிலா."

அவள் இஸ்திரிப் பெட்டியை அணைத்தாள். இன்னும் தேய்க்காத சட்டைகளைச் சுருட்டி அலமாரியில் திணித்தாள்.

"என்ன பண்றே?"

"இனிமே இதுக்கு வேலை இல்லையே. நல்ல வேளை, பாதியில சொன்னீங்க. எல்லாத்தையும் தேச்சிருந்தா கரண்டு தண்டம்."

நான் தயாரித்து வைத்திருந்த பதில்களெல்லாம் தொண்டையிலேயே நின்றுபோயின, பாதி மாடியில் நிற்கும் லிஃப்ட் மாதிரி. ஒருவேளை விஷயம் புரியவில்லையோ என்று அவளுக்கு ஆட்டத்தை விளக்கினேன்.

"இதப் பாரு. நல்ல சீட்டு வந்தவன் வராத மாதிரி உட்காரணும். வராதவன் வந்த மாதிரி உட்காரணும். பந்தயத்தை ஏத்திக்கிட்டே போகணும். எதிராளி பயந்து விலகிட்டான்னா ஜெயம் நமக்கு. நம்ம சீட்டை அவனுக்குத் திருப்பிக் காட்டக்கூட வேண்டாம்."

"கையில ஒண்ணுமே இல்லாமயா?"

"அதுதானே வித்தை!"

"கத்துக்க ரொம்ப நாள் ஆகுமோ?"

"கத்துக்கிட்டெல்லாம் வராதும்மா. பிறவியிலேயே இருக்கணும்."

"ஓ" என்றாள். அந்த 'ஓ'வை நான் அன்றைக்குக் கவனித்திருக்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் பின்னறையில் சத்தம் கேட்டது. போய்ப் பார்த்தால், பழைய மேஜையை ஜன்னல் பக்கம் இழுத்துப் போட்டு, மேலே ஒரு சீட்டுக்கட்டு, ஒரு டம்ளர் தண்ணீர், ஒரு மேஜை மணி எல்லாம் வைத்திருந்தாள்.

"என்ன இது?"

"உங்க ஆபீஸ். காலையில ஒன்பதுக்கு உள்ள போயிடணும். மத்தியானம் அரை மணி நேரம் சாப்பாட்டுக்கு. லீவு வேணும்னா முந்தின நாளே எங்கிட்ட கேட்டுடணும்."

"போக்கருக்கு இதெல்லாம் எதுக்கு?"

"தொழில்னு நீங்கதானே சொன்னீங்க? தொழில்னா ஒழுங்கு வேண்டாமா? அப்புறம், சனி ஞாயிறு சீட்டைத் தொடக்கூடாது."

"அய்யய்யோ! சனிக்கிழமைதானே டாக்டர் கிளினிக்குல ஆட்டம்?"

"வாரக் கடைசியில எந்த உத்தியோகஸ்தன் வேலை பார்ப்பான்? அன்னைக்கு உங்களுக்கு ஓய்வு. பரண் சுத்தம் பண்ணலாம்."

"மத்த நாள்ல டாக்டரும் கடைக்காரரும் வேலைக்கில்ல போயிடுவாங்க? நான் யாரோட ஆடுறது?"

"அதுக்கும் வழி பண்ணிட்டேன். தம்பிகிட்ட பேசினேன்."

அவள் தம்பிக்கு, அதாவது என் மச்சானுக்கு, ரேடியோ என்று பெயர் வைத்தவனே நான்தான். ரேடியோவிலாவது நடுவில் பாட்டுப் போடுவார்கள். இவன் பேச ஆரம்பித்தால் ஈ எறும்புகூட வேறு வீடு பார்த்துக்கொண்டு போய்விடும்.

"அவன் எதுக்கு?"

"மாமா பகல் பூரா வீட்ல இருக்கப்போறாராமேன்னு அவனுக்கு ஒரே சந்தோஷம். நானும் வந்து கூடவே உட்கார்ந்துக்கறேன், பேச்சுத் துணையா இருக்கும்னான். பெட்டி படுக்கையைக் கட்டிட்டிருக்கான்."

இந்த இடத்தில் எனக்குச் சந்தேகம் தட்டியது. நானும் லேசுப்பட்டவன் இல்லை. எதிராளியின் உடம்பில் பொய் எங்கே ஒளிந்திருக்கிறது என்று கண்டுபிடிப்பதுதான் போக்கர். என் மனைவி பொய் சொன்னால் கை சும்மா இருக்காது. அருகில் இருப்பதை எடுத்துத் துடைக்க ஆரம்பித்துவிடுவாள். "இந்தத் திரைச்சீலை ரொம்ப மலிவுதாங்க" என்று சொன்ன அன்றைக்கு எங்கள் வீட்டுக் குழாய் கண்ணாடி மாதிரி பளபளத்தது. ஆகவே அவள் கையைப் பார்த்தேன். எதையும் துடைக்கவில்லை. மேஜையில் வைத்த சீட்டுக்கட்டையும் தண்ணீர் டம்ளரையும் மறுபடி கையில் எடுத்துக்கொண்டு, எந்தப் பக்கம் மாற்றி வைக்கலாம் என்று யோசித்துக்கொண்டிருந்தாள்.

ஆனாலும் நான் பின்வாங்கவில்லை. "ரொம்ப நல்லது. வரச்சொல்லு" என்றேன். என் குரல் லிஃப்ட் குரல். முகத்தைப் பற்றி எனக்குத் தெரியாது. டெலிபோனில் பேசிப் பிழைக்கிறவன் முகத்தைப் பற்றி எப்போது யோசித்தான்? அவள் என் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

திங்கட்கிழமை காலை. மேனேஜரிடம் நேரில் சொல்லிவிட்டு வருவதாகக் கிளம்பினேன். வாசலில் அவள் எனக்கு முன்னால் தயாராக நின்றாள். கல்யாணங்களுக்கு மட்டும் வெளியே வரும் கைப்பை, வெளியே வந்திருந்தது.

"நீ எங்கே?"

"உங்க ஆபீசுக்குத்தான்."

"எதுக்கு?"

"நீங்க எந்திரிச்சா அந்த நாற்காலி காலிதானே? வீட்டுக்கு ஒரு சம்பளம் வேணுமில்ல? உங்க மேனேஜருக்குப் போன் பண்ணினேன். என் குரலைக் கேட்டாரு. இன்னைக்கே வந்து உட்காருங்கம்மான்னுட்டாரு."

நான் சிரித்தேன். "அடி அசடே, அது என்ன சும்மா உட்கார்ந்து பேசுற வேலைன்னு நினைச்சியா? ஆபத்துல இருக்கிறவனை அமைதிப்படுத்தணும். எங்கே, நான் லிஃப்டில மாட்டிக்கிட்டேன்னு வச்சுக்கோ. பேசு பார்ப்போம். ஐயோ, காப்பாத்துங்க! லிஃப்ட் நின்னுபோச்சு!"

"யாருங்க உள்ள? தனியாவா இருக்கீங்க?"

"ஆமா."

"சாப்பிட்டீங்களா?"

"இன்னும் இல்ல."

"இவ்வளவு நேரமாவா? வீட்ல யாரும் கவனிக்கிறதில்லையா? முதல்ல கீழ உட்காருங்க. சட்டையில மேல் பட்டனைக் கழட்டி விடுங்க. உங்களுக்கு எத்தனை பசங்க?"

"ரெண்டு. பெரியவன் படிப்புல கொஞ்சம் மந்தம்."

"அதெல்லாம் போகப் போகச் சரியாயிடும். உங்களை மாதிரிதானே இருப்பான்."

நான் வாசற்படியில் உட்கார்ந்து, மேல் பட்டனைக் கழற்றி, பெரியவனின் கணக்கு மார்க்கைப் பற்றிப் புலம்பிக்கொண்டிருந்தேன். மெக்கானிக் வருவாரா என்று கேட்கவே மறந்துவிட்டது.

பஸ்ஸில் அவள் ஜன்னல் வழியாக வேடிக்கை பார்த்தாள். என் மனசுக்குள் இரண்டு படங்கள் ஓடின. ஒன்றில் என் நாற்காலியில் அவள். எதிரே மெக்கானிக் டீயைத் தொடாமல் அவள் பேச்சைக் கேட்டுக் கண்ணைத் துடைத்துக்கொள்கிறார். இன்னொன்றில் பின்னறையில் நான், எதிரே ரேடியோ. சீட்டைக் கலைத்துக் கலைத்துப் போடுகிறான், வாய் ஓயாமல்.

ஆபீசில் மேனேஜர் அறைக்கு வெளியே ஒரு நாற்காலி உண்டு. அதில் அவள் போய் உட்கார்ந்தாள். "போய்ச் சொல்லிட்டு வாங்க. நீங்க வெளிய வந்ததும் நான் உள்ள போறேன்" என்றாள்.

கதவின் கைப்பிடியைப் பிடித்தபடி கடைசியாக ஒருமுறை அவளை அளந்து பார்த்தேன். நேராக உட்கார்ந்திருந்தாள். கண் சிமிட்டவில்லை. கை எதையும் துடைக்கவில்லை. கைகள் இரண்டும் அந்தக் கைப்பையை இறுக்கிப் பிடித்திருந்தன. நிச்சயம் பெரிய கைதான் என்று முடிவுசெய்தேன். துடைப்பதற்கு அவளுக்குக் கை காலியாக இல்லை என்பது எனக்கு உறைத்தது, சாயங்காலம் வீட்டுக்குத் திரும்பும் பஸ்ஸில்.

உள்ளே போனேன். மேனேஜர் நிமிர்ந்தார்.

"என்னய்யா?"

"சார்..."

"சொல்லுய்யா."

"என் நாற்காலியில ஒரு கால் ஆடுது சார்."

"அதுக்கா இவ்வளவு வேர்த்துக் கொட்டுது உனக்கு?"

"ரொம்ப ஆடுது சார்."

வெளியே வந்தேன். அவள் எழுந்து நின்றாள்.

"சொல்லிட்டீங்களா? நான் போகட்டுமா உள்ள?"

"இல்ல... வந்து... நான் இல்லைன்னா இந்த ஆபீசே படுத்துடும் போலிருக்கு. திடீர்னு விடுறது தர்மமா? யோசிச்சுப் பார்த்தேன். இருந்துடலாம்னு..."

"அப்படியா? பாவம், நானும் ஆசையா கிளம்பி வந்தேன்" என்று பெருமூச்சு விட்டாள். "சரி, தம்பிக்குப் போன் பண்ணி வர வேண்டாம்னு சொல்லிடறேன். மனசு கஷ்டப்படுவான்." கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, படியிறங்கிப் போய்விட்டாள். லிஃப்ட் கம்பெனிக்காரன் பெண்டாட்டி ஆயுசுக்கும் லிஃப்டில் ஏறியது கிடையாது.

அவள் உண்மையிலேயே மேனேஜரிடம் பேசினாளா? ரேடியோ உண்மையிலேயே பெட்டி கட்டினானா? மேனேஜரைக் கேட்கலாம்தான். கேட்டால், நான் வேலையை விட வந்தது அவருக்குத் தெரிந்துபோகும். மச்சானைக் கேட்கலாம்தான். கேட்டால், பதில் முடிவதற்குள் எனக்கு ஆயுசு முடிந்துபோகும். மிச்சம் இருந்தது அவள் ஒருத்திதான். அன்று ராத்திரி சாப்பிடும்போது கேட்டேன். "ரசத்துக்கு உப்பு போதுமா?" என்றாள்.

அதற்கப்புறம் அதே நாற்காலியில் கிழவனாகி, மாலை போட்டு அனுப்பும்வரை வேலை பார்த்தேன். இப்போது நாள் பூரா வீட்டில்தான். நேற்றுக்கூடக் கேட்டேன். "இவளே, எத்தனையோ வருஷம் ஆச்சு, இப்பவாவது சொல்லு. அன்னைக்கு உன் கையில நிஜமாவே ஏதாவது இருந்துச்சா, இல்ல வெறுங்கையா?"

அவள் மூக்குக் கண்ணாடியை இறக்கிவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"பயந்து பாதி ஆட்டத்துல எந்திரிச்சுப் போனவருக்கெல்லாம் சீட்டைத் திருப்பிக் காட்டுற வழக்கம் கிடையாதுங்க."